ஒற்றைக் கம்பி

வண்டி ரோஸ்னா அக்காவுடையது.
விடிகாலை நான்கு மணிக்கு
நாசி லெமாக் பொட்டலங்களோடு
மூன்று பள்ளி கேன்டீன்களுக்குப் போய்வரும் வேன்.
பெருநாள் முடிந்ததிலிருந்து
ஸ்டியரிங்குக்குப் பின்னால்
மஞ்சளாய் ஒரு குட்டி எஞ்சின் படம்
எரிந்துகொண்டே இருக்கிறது.

சின் மிங் பட்டறையில் சொன்னார்களாம்:
ஏன் எரிகிறது என்று கேட்க மட்டும் அறுபது வெள்ளி.
சரிசெய்வது தனிக் கணக்கு.

கேட்பதற்கே அறுபதா,
நானே கேட்டுச் சொல்கிறேன் என்று
லிஃப்டுக்குள் வாய்விட்டேன்.
ஏழாவது மாடி வருவதற்குள்
அது வாக்குறுதி ஆகிவிட்டது.

சிம் லிம் டவரில்
ஐந்நூற்றுப் பத்து ஓம் கேட்டேன்.
கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பட்டைகளை முணுமுணுத்தார்:
பச்சை, பழுப்பு, பழுப்பு.
இஸ்திரி மேசைதான் என் பட்டறை.
ஈயப் புகை படுக்கையறைக்குப் போகாமலிருக்க
விசிறியைச் சன்னல் பக்கம் திருப்பிவைத்தேன்.
பெட்டிக்குள் என்ன என்றான் மகன்.
காது.
அப்போ வாய்?
அதுவும் அதே கம்பிதான், போய்த் தூங்கு.

முதல் இரவு.
பலமாடிக் கார் நிறுத்துமிடம், ஐந்தாம் தளம்.
மடியில் மடிக்கணினி,
முழங்காலுக்கு மேலே ஏழாம் துளையில் கம்பி.
எதுவும் வரவில்லை.
ஒரு டிரான்சிஸ்டர் குறைவாகப் போட்டிருந்தேன்.
ஒன்றையெல்லாம் சுழியமென்றும்
சுழியத்தையெல்லாம் ஒன்றென்றும்
நடுநிசி வரை அனுப்பியிருக்கிறேன்
அந்த அப்பாவி வேனுக்கு.

இரண்டாம் இரவு
பொறுமையில்லை. தட்டாமலே கேள்வியை அனுப்பினேன்.
திரையில் எண்கள்!
கதவைத் திறந்துபோட்டு எழுந்து நின்று,
சைக்கிளில் ரோந்து வந்த காவலாளியிடம்
பேசிவிட்டது பேசிவிட்டது என்றேன்.
அவர் வண்டியையும் என்னையும் பார்த்தார்.
பிறகுதான் வரிவரியாய் ஒப்பிட்டேன்.
என் கேள்வியேதான்.
போகவும் வரவும் ஒரே கம்பி;
சொன்னது சொன்னபடி என் காதுக்கே வந்திருக்கிறது.
இப்படி ஏமாந்தது முதல் தடவை இல்லை.
முன்பு அது வேனிடம் இல்லை.

மூன்றாம் இரவு மழை.
தளத்தின் ஓரமெல்லாம் சாரல்.
இந்த வகை வண்டியை எழுப்ப
நொடிக்கு ஐந்தே துடிப்பு.
மூன்று மூன்று என்ற முகவரியை
இரண்டு முழு நொடி இழுத்துச் சொல்லவேண்டும்,
காது மந்தமானவரிடம் பெயர் சொல்வதுபோல.
சொன்னேன்.
சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

ஐந்து ஐந்து.

நான் அனுப்பாத எண்.
பின்னாலேயே எட்டு, எட்டு.
இரண்டாவது எட்டைத் தலைகீழாக்கி அனுப்பினேன்.
அது என் முகவரியைத் தலைகீழாக்கித் தந்தது,
எல்லாச் சுழியமும் ஒன்றாய், எல்லா ஒன்றும் சுழியமாய்.
முதல் இரவில் பிழையாயிருந்ததுதான்
இப்போது கைகுலுக்கல்.

பிறகு நொடிக்குப் பத்தாயிரத்து நானூறில் பொரிந்து தள்ளியது.
குளிர்நீர் எண்பத்தொன்று. சுழற்சி எழுநூற்றிருபது.
கோளாறு ஒன்றே ஒன்று:
பி சுழியம் ஒன்று மூன்று மூன்று.
ஆக்ஸிஜன் சென்சார்,
பதில் சொல்லத் தாமதம்.

ரோஸ்னா அக்கா வாழையிலையை வெட்டிக்கொண்டே கேட்டார்:
தாமதமா? எவ்வளவு?
ஒரு நொடிக்கும் குறைவு.
அதற்கா விளக்கு,
என் மருமகனுக்கு மாட்டிவிடலாமே.

விளக்கை அணைத்துக் கொடுத்தேன்.
நன்றியாக நான்கு பொட்டலம், சம்பால் அதிகமாய்.
சென்சாரை மாற்றாமல் அது நிற்காது என்று
வாய்நிறையச் சோற்றோடு சொன்னது
அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

வியாழக்கிழமை நான்கு பத்துக்குப் போன்.
அதே மஞ்சள், என்றார்.
உன் பெட்டி கெட்டுப்போச்சா?

இல்லை அக்கா.
பெட்டி சரியாகத்தான் இருக்கிறது.